பதினொரு கப்பலும் ஒரு லேலோங் வீடும்

எங்கள் வீட்டுக் கதவில் லேலோங் நோட்டீஸ் ஒட்டிய அன்று என்னிடம் பதினொரு கப்பல்கள் இருந்தன. மிளகு நிரம்பிய கிடங்குகள், கடலைப் பார்த்த மாளிகை, சம்பளமே கேட்காத மாலுமிகள். எல்லாம் கைப்பேசிக்குள். கைப்பேசிக்கு வெளியே, கிள்ளானில், ஐந்தாவது மாடியில், மூன்று அறைகள் கொண்ட ஓர் அடுக்குமாடி வீடு மட்டுமே எங்களுக்கு இருந்தது. அதன் கதவில்தான் அந்தத் தாள் ஒட்டியிருந்தது.

லேலோங் என்றால் ஏலம். மலாய்ச் சொல்தான், ஆனால் இங்கே எந்தத் தமிழனும் ஏலம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், மலிவுச் சட்டையைக் குவித்து வைத்துக்கொண்டு விற்கிறவனும் "லேலோங்! லேலோங்!" என்றுதான் கத்துவான். நீதிமன்றம் வீட்டை விற்கும்போதும் அதே வார்த்தைதான். ஐந்து ரிங்கிட் சட்டைக்கும் ஆயுசு முழுக்கத் தவணை கட்டிய வீட்டுக்கும் ஒரே வார்த்தையா என்று எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சமல்ல. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. நோட்டீஸ் ஒட்டியவர் பாவம், லிஃப்ட் பழுதாகி ஐந்து மாடி ஏறி வந்தவர். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

நாங்கள் சோம்பேறிகள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவள். ஊரார் கப்பல்களில் ஊரார் சாமான்கள் போவதற்குக் கணக்கு எழுதியே என் இளமை போனது. கம்பெனியை மூடினார்கள். என் கணவர் லோரி ஓட்டியவர். முதுகுத் தண்டில் ஏதோ நழுவிவிட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் உட்கார முடியாது. அதனால் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடியே குடும்பம் நடத்தினார். சேமநிதியில் எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்தாயிற்று. அதன் பிறகு தவணை நின்றது, கடிதங்கள் வரத் தொடங்கின.

வேலைக்கு மனுப் போட்டுவிட்டு அழைப்புக்குக் காத்திருந்த நாட்களில்தான் அந்த விளையாட்டு என் கைக்கு வந்தது. ஒரு சின்னப் படகில் ஆரம்பிக்க வேண்டும். ஒரு துறைமுகத்தில் உப்பு மலிவு, இன்னொன்றில் கிராக்கி. வாங்கு, ஏற்று, கொண்டுபோய் விற்று, பெரிய படகு வாங்கு. அவ்வளவுதான். நாற்பத்தைந்து வயதில், வேலை கேட்டுப் போன இடமெல்லாம் "நாங்க கூப்பிடுறோம், மேடம்" என்று அனுப்பப்பட்ட ஒருத்திக்கு, ஒவ்வொரு முறை விற்கும்போதும் சலங்கை குலுங்குவது போல் ஒரு சத்தம் போட்டு "சபாஷ்" சொல்லும் ஓர் உலகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் விழுந்துவிட்டேன்.

"ஏம்மா, ஒன் கப்பலெல்லாம் எப்ப கரைக்கு வரும்?" என்று பாயிலிருந்து கணவர் கேட்பார். "வந்தா சொல்லு. வீட்டு லோனுக்குக் கட்டணும்."

அங்கே தங்கம், இங்கே வெள்ளி. எங்கள் ரிங்கிட்டுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஆனால் சும்மா விளையாடிக்கொண்டிருக்க நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா? அங்கே அவ்வளவு சுலபமாகப் பணம் சேர்க்கிறவளால் இங்கே ஏன் முடியவில்லை என்று யோசிக்க ஆரம்பித்தேன். யோசிக்க யோசிக்க, விளையாட்டில் பாடம் இருக்கிறது என்றே நம்பிவிட்டேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

முதல் பாடம், உடைத்துப் பார்ப்பது. அந்த விளையாட்டில் எந்த ஊரில் இறங்கினாலும் தெருவில் பானைகள் இருக்கும். உடைத்தால் காசு. யாருடைய பானை என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் பானை இல்லை, ஆனால் சோஃபா இருந்தது, பழைய கைப்பைகள் இருந்தன, அவருடைய லோரிக்கால சட்டைகள் இருந்தன. ஒரு நாள் முழுக்கப் பையைக் கவிழ்த்து, மெத்தையைப் பிரித்துத் தேடினேன். சில்லறை கிடைத்தது, மிச்சம் எவ்வளவு என்று தெரியாத டோல் அட்டை ஒன்று கிடைத்தது, கடைசியில் ஓர் அடகுச் சீட்டும் கிடைத்தது. என் வளையல் சீட்டு. மீட்க வேண்டிய தேதி எப்போதோ போய்விட்டது. விளையாட்டில் பானையை உடைத்தால் காசு வரும். என் பானையில் வளையல் போனதுதான் வந்தது. சோஃபாவைத் திரும்பத் தைக்க ஊசிநூலும் அரை நாளும் செலவு.

அடுத்தது, கடைக்காரர்களைப் பற்றி. விளையாட்டில் எந்தக் கடைக்காரரும் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஓட்டைச் சட்டி, துருப்பிடித்த கத்தி, செத்த மீன், எதைக் கொடுத்தாலும் ஒரு விலை போட்டு வாங்கிக்கொள்வார். அந்தத் தைரியத்தில் என்னுடைய இரண்டு பட்டுப் புடவைகளை எடுத்துக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். எத்தனையோ தீபாவளிக்கு நான் துணி எடுத்த கடை. முதலாளி கீழக்கரைப் பக்கத்து வம்சம், என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கக்கா! தீபாவளிக்கு இப்பவே வந்துட்டீங்களா?"

புடவைகளை அவர் மேசைமேல் வைத்தேன். "இத எடுத்துக்குவீங்களாண்ணே? ரெண்டு தடவதான் கட்டுனது."

அவர் புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா, நான் சேலை விக்கிறவன் லா. வாங்குறவன் இல்ல."

"எல்லாக் கடையிலயும் வாங்குவாங்கண்ணே..." என்று ஆரம்பித்துவிட்டு, அது எந்தக் கடை என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். மனிதர் நல்லவர். புடவைகளைத் தானே மடித்து, புதுப் பையில் போட்டு, புதுசு வாங்கியவளுக்குக் கொடுப்பது போல் இரண்டு கையாலும் நீட்டினார். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. கடைக்கு வெளியே வந்ததும் கண் கலங்கிவிட்டது.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரை நிமிஷ விளம்பரத்தைப் பொறுமையாகப் பார்த்தால் கிடைத்த தங்கம் இரட்டிப்பாகும். இதற்குச் சமமாக எங்கள் வாழ்க்கையில் இருப்பது சொந்தக்காரர்களின் புத்திமதி. செராஸில் இருக்கும் என் நாத்தனார் ஒரு மணி நேரம் பேசினார்: அகலக்கால் வைத்திருக்கக் கூடாது, வாடகைக்கே இருந்திருக்கலாம், பத்துமலைக்கு நேர்ந்துகொள், நம் ஆட்களுக்குச் சேமிக்கத் தெரியாது. முழுசாகக் கேட்டேன். விளம்பரத்தை நடுவிலேயே மூடத் தட்டும் பெருக்கல் குறி அவரிடம் எங்கேயும் இல்லை. கடைசியில் ஒரு சல்லிக்காசு வரவில்லை. தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்.

இப்படிப் பாடம் பாடமாகத் தோற்றுக்கொண்டிருந்தபோதுதான், ஒன்று உண்மையிலேயே பலித்தது.

புடவைப் பையோடு கடையிலிருந்து திரும்பிய அன்றே, பசி தாங்காமல் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தேன். இலைச் சாப்பாடு. வெறும் சோறும் ரசமும் போதும் என்று சொல்லி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கல்லாவில் இருந்த முதலாளியம்மா, அறுபது வயது, ஆள் கனம், குரல் அதைவிடக் கனம், தொலைபேசியில் யாரையோ வறுத்துக்கொண்டிருந்தார். "எலைக்கு இந்த வெலையா? எலைக்கே இவ்ளோ குடுத்தா சோத்த எதுல போடுறது, ஒன் தலைலயா?"

என் முன்னால் விரித்திருந்த இலையைப் பார்த்தேன். ஜெஞ்சாரோம் ஞாபகம் வந்தது. என் கணவரோடு லோரி ஓட்டிய ஒருவருக்கு அங்கே செம்பனைத் தோட்டம், வேலியோரம் முழுக்க வாழை. போகும்போதெல்லாம் இலைகள் காற்றில் கிழிந்து தொங்கும், யாரும் சீண்டுவதில்லை. உப்பு மலிவான துறைமுகம் எது, கிராக்கியான துறைமுகம் எது என்று என் மண்டைக்குள் யாரோ பலகை எழுதி மாட்டியது போல் இருந்தது. ரசத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து கல்லாவுக்குப் போனேன்.

"அக்கா, எலை நான் கொண்டாந்து குடுக்கவா? இப்ப குடுக்குறதுல பாதி வெலை குடுங்க, போதும்."

"நீ யாரும்மா?"

நல்ல கேள்வி. "எலை யாவாரம்" என்றேன். அந்த நிமிஷத்தில்தான் வியாபாரம் பிறந்தது.

மறுநாளே பழைய காரை எடுத்துக்கொண்டு ஜெஞ்சாரோம் போனோம். கணவரும் வந்தார். முன் இருக்கையைப் பின்னால் சாய்த்து, படுத்தபடியே வந்தார். தோட்டக்காரர், "எலதானே, அறுத்துக்கோங்க. மரத்துக்கு என்னா கொறையப் போவுது?" என்றார். இரண்டாவது வாரம் நாங்கள் திரும்பவும் வந்ததைப் பார்த்துவிட்டுக் கட்டுக்கு ஒரு விலை சொன்னார். எனக்கு வருத்தம் இல்லை. விளையாட்டிலும் அப்படித்தான், ஒரே துறைமுகத்தில் வாங்கிக்கொண்டே இருந்தால் விலை ஏறும்.

மெஸ்ஸுக்குத் தினமும் வேண்டியது துண்டு இலை. இரண்டு முனையையும் வெட்டி, நடுத்தண்டைச் சீவி, ஈரத் துணியால் துடைத்து, ஒரே அளவாக அடுக்க வேண்டும். துடைப்பது கணவரின் வேலை. படுத்துக்கொண்டே, வயிற்றின்மேல் பலகையை வைத்து அழகாகத் துடைப்பார். அடுக்குவது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி. விளையாட்டுக் கப்பலில் இருக்கும் கட்டங்களுக்குள் சரக்கை இடைவெளி இல்லாமல் அடுக்கி அடுக்கி எனக்குக் கை பழகியிருந்தது. மற்றவர்கள் இரண்டு நடை போக வேண்டியதை என் காரின் பூட்டில், அதாவது பின்பக்க டிக்கியில், ஒரே நடையில் ஏற்றிவிடுவேன். "நீ எறும்புடி" என்று கணவர் பாராட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பாராட்டியது அபூர்வம், அதனால் எழுதுகிறேன்.

வந்த பணம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனாலும் பொரி வந்தது. பெட்ரோலும் டோலும் போக அரிசி வாங்கினோம், மின்சார பில் கட்டினோம். வங்கிக்குப் போய்க் கெஞ்சினேன். லேலோங் தேதிக்கு முன்னால் பாக்கியில் ஒரு பெரிய பகுதியைக் கட்டினால் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம், உறுதி இல்லை, ஆனால் கேட்கலாம் என்றார் அங்கிருந்த அதிகாரி. அந்தப் பெரிய பகுதி, எங்கள் இலை வியாபாரத்துக்கு எட்டாத உயரம்.

எட்டாததை எட்டவைக்க முதலாளியம்மாவே வந்தார். மெஸ்ஸோடு அவருக்குக் கல்யாணச் சமையலும் உண்டு. ஒரு நாள் இலையை இறக்கும்போது கூப்பிட்டார்.

"இங்க வா. ஆவணி வருதுல்ல. கல்யாணம் நெறைய கைல இருக்கு. எல்லாத்துக்கும் எலைய நீயே குடுத்துரு. சீசன் முடிஞ்சதும் மொத்தமா வாங்கிக்க. மொத கல்யாணம் ஞாயித்துக்கெழம. காலைல ஏழு மணிக்கெல்லாம் இங்க இருக்கணும்."

"எவ்ளோ எலைக்கா?"

எண்ணிக்கையைச் சொன்னார். எனக்குத் தலை சுற்றியது. சீசன் முழுக்கச் சேர்த்தால், வங்கி கேட்ட தொகைக்குப் பக்கத்தில் போய்விடும். அன்று காரில் திரும்பும்போது எனக்கு விளையாட்டு ஞாபகமே வரவில்லை. வீடு நிற்கும், அந்தக் கூடத்திலேயே அவர் பாய் விரித்துக் கிடப்பார், நான் திட்டுவேன் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஜெஞ்சாரோமில் விடியற்காலையிலிருந்து அறுத்தோம். முழு இலைகள், ஒவ்வொன்றும் ஆளுயரம். குவியலைப் பார்த்தால் என் காரே அதற்குள் மறைந்துவிடும் போலிருந்தது. இரண்டு நடை போனால் டோலும் பெட்ரோலும் லாபத்தைத் தின்றுவிடும். வேன் வாடகைக்குக் கையில் காசில்லை. அடுக்கிப் பார்த்தேன், நுனிகள் பூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. மூடினால் கிழியும். முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தினமும் செய்வதைச் செய்தேன். கத்தியை எடுத்து நுனிகளைச் சீவினேன். கணவர் தண்டோரம் துடைத்துக் கொடுக்க, நான் வெட்டிச் சாக்குகளில் அடுக்க, சரக்கு முழுவதும் கட்டம் கட்டமாக உட்கார்ந்துகொண்டது. பூட் ஒரே தட்டில் மூடியது. நுனிகளைத் தோட்டக்காரரின் ஆடுகளுக்குப் போட்டோம். அவை ஆசையாகத் தின்றன.

இதைப் படிக்கிற யாருக்கும் இந்நேரம் நெஞ்சு பக்கென்றிருக்கும். எனக்கு அன்று பக்கென்று இருக்கவில்லை. இருவரும் சேர்ந்து நூறு கல்யாணத்திலாவது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். நுனி இடப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் தெளிப்போம். அது வேறு மூளை போலிருக்கிறது. சரக்கு ஏற்றுகிற மூளைக்கு அது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சொன்ன நேரத்துக்கு முன்பே மெஸ்ஸின் பின்சந்தில் காரை நிறுத்திச் சாக்குகளை இறக்கினேன். முதலாளியம்மா கல்யாணத்துக்குப் போகப் பட்டுக் கட்டி, பூ வைத்து வந்து நின்றார். ஓர் இலையை எடுத்தார். திருப்பினார். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். இன்னொரு சாக்கிலிருந்து ஒன்று.

"நுனி எங்க?"

"வெட்டிட்டேன்க்கா. பூட்டுல எடம் பத்தல."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கல்யாணப் பந்திக்குத் தலைவாழ எலன்னு நான் சொல்லணுமாம்மா ஒனக்கு? நீ தமிழச்சிதான?" என்றார் மெதுவாக. "மாப்ள வீட்டுக்காரன் வந்து ஒக்காந்து, தலையில்லாத எலைய பாத்தா என்னா நெனப்பான்? பொண்ண பெத்தவரு மொகத்துல நான் எப்பிடி முழிக்கிறது?"

பிறகு தொலைபேசியை எடுத்து, அன்று வறுத்த அதே ஆளை "தம்பி" போட்டுக் கூப்பிட்டு, அவன் கேட்ட விலைக்கு இலை சொன்னார். என்னிடம், "நீ வீட்டுக்குப் போ. பொறவு பாப்போம்" என்றார். எங்கள் பக்கத்தில் பொறவு பாப்போம் என்றால் இனிமேல் பார்க்க வேண்டாம் என்று அர்த்தம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

காரில் படுத்திருந்த கணவரிடம் சொன்னேன். "நுனியெல்லாம் இப்ப ஆட்டு வயித்துல இருக்குல்ல" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் முதுகு வலிக்கும், வலித்ததும் "ஐயோ" என்பார், ஐயோ என்றதும் இன்னும் சிரிப்பு வரும். எனக்கும் சிரிப்பு வந்தது. எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. விளையாட்டில் தப்புச் செய்தால் வெளியே வந்துவிட்டு, முன்பு சேமித்துவைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். சனிக்கிழமைக் காலைக்குத் திரும்பிப் போக ஒரு பொத்தான் இருந்திருந்தால், ஸ்டீயரிங்கையே கடித்து அமுக்கியிருப்பேன்.

இலை வாடும். மிளகு மாதிரி கிடங்கில் கிடக்காது. அன்று சாயங்காலம் கிள்ளானில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பக்கத்திலேயே பாசார் மாலாம். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைப் பொட்டலம் கட்டுகிறவர்கள், மீன் சுடுகிறவர்கள் எல்லாருக்கும் வாழை இலை வேண்டும். வரிசைக் கடைசியில் காரைப் போட்டு, பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் காலுறை விற்ற சீனர், "பாஸ், நீ கத்தணும். கத்தலன்னா யாரு வருவா?" என்று மலாயில் சொன்னார்.

என்ன கத்துவது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது. வாயைத் திறந்தேன், வரவில்லை. எங்கள் கதவில் ஒட்டியிருந்த வார்த்தையை நானே நடுத்தெருவில் நின்று எப்படிச் சொல்வது? காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"லேலோங்! லேலோங்! டாவுன் பீசாங், லேலோங்!"

டாவுன் பீசாங் என்றால் வாழை இலை. முதல் தடவைதான் கூச்சம். அப்புறம் நன்றாகவே வந்தது. நாசி லெமாக் விற்கும் ஒரு மலாய்க்கார அம்மா வந்து இலையைத் தடவிப் பார்த்தார். சுத்தமாகத் துடைத்திருக்கிறது, முனை கூட வெட்டியாகிவிட்டது, எனக்கு வேலை மிச்சம் என்று வாய் நிறையப் பாராட்டிவிட்டு, பாதிச் சரக்கை அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார். காலையில் தலை போனது என்று கழித்த அதே இலை. யாரிடம் எதைக் கொண்டுபோகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று வேண்டுமானால் ஒரு பாடம் எழுதிக்கொள்ளலாம். அந்தப் பாடத்தைக் கொண்டுபோய் வங்கியில் கட்ட முடியாது.

லேலோங் தேதி வந்தது. இப்போதெல்லாம் மண்டபத்தில் சுத்தியல் தட்டுவதில்லை, எல்லாம் இணையத்தில் என்றார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். நல்ல மத்தியானம். என் கைப்பேசியிலேயே திறந்தேன், கப்பல் படம் போட்ட பொத்தானுக்குப் பக்கத்துப் பொத்தானைத் தட்டி. உள்ளே போனால் அப்படியே விளையாட்டுதான். மேலே எங்கள் கட்டடத்தின் படம், கீழே ஆரம்ப விலை, ஓரத்தில் குறைந்துகொண்டே போகும் நேரம், கேட்பவர்கள் தொகையை ஏற்றுவதற்கு ஒரு பச்சைப் பொத்தான்.

கணவர் பார்க்க மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "எவ்ளோ போச்சு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இன்னும் யாரும் கேக்கல."

நேரம் ஓடியது. யார் வரப்போகிறார்களோ, எவன் எங்கள் கூடத்தில் நடக்கப்போகிறானோ என்று முதலில் பயமாக இருந்தது. பாதி நேரம் போனதும் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஏன் ஒருத்தனும் கேட்கவில்லை? என்ன குறைச்சல்? அதே திரையின் பக்கத்து வரிசையில், எங்கேயோ இருக்கும் ஒரு பாழடைந்த கடைவீட்டுக்குப் போட்டி போட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஓர் ஆள் இல்லை. எனக்கு மானம் போயிற்று. அந்தத் திரையைப் பார்த்துக் கத்தியிருப்பேன், அவர் படுத்திருக்கிறாரே என்று விட்டேன். நேரம் பூஜ்யத்துக்கு வந்தது. யாரும் கேட்கவில்லை என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது.

"போவலியா?" என்றார் கணவர்.

"போவல."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் எனக்குத் தெரியும். வாங்க ஆள் வரவில்லை என்றால் விலையைக் குறைத்து மறுபடியும் லேலோங் விடுவார்கள். வரவில்லை என்றால் இன்னும் குறைப்பார்கள். எவ்வளவுக்குப் போகிறதோ அதுதான் கடனில் கழியும். மிச்சக் கடன், வீடு போன பிறகும் எங்கள் தலையில்தான். விலை குறையக் குறைய, நாங்கள் வீடும் இல்லாமல் கடனோடு தெருவில் நிற்கப்போகிறோம்.

அந்த இணையப் பக்கத்தில் விவரம் கேட்க ஓர் எண் இருந்தது. குசினி என்று நாங்கள் சொல்லும் சமையலறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழைத்தேன். எடுத்த பையன் தமிழ்ப் பையன். எந்த வீடு என்று சொன்னதும் உற்சாகமாகிவிட்டான்.

"ஆமாக்கா, யாரும் கேக்கல. நல்லதுதான் ஒங்களுக்கு. அடுத்த ரவுண்டு வெலைய கொறைப்பாங்க. அது வரைக்கும் வெயிட் பண்ணுங்கக்கா, சீப்பா எடுக்கலாம்."

"கொறைக்காதீங்க."

"என்னாக்கா?"

"வெலைய கொறைக்காதீங்க தம்பி. நல்ல வீடு அது. காலைல வெயிலு நேரா கூடத்துல விழும். தண்ணி ஒரு நாளும் நின்னதில்ல. போன வருசந்தான் குசினிக்கு டைல்ஸ் போட்டது. மேல் வீட்டுக்காரங்க சத்தமே போட மாட்டாங்க. லிஃப்ட செஞ்சுட்டாங்க, இப்ப ஓடுது. இந்த வெலைக்கே அது மலிவு."

பையன் சிரித்தான். "அக்கா, வாங்க வர்றவங்க எல்லாம் கொறைக்கத்தான் சொல்வாங்க. நீங்க யாரு, ஏஜெண்டா?"

"இல்ல தம்பி," என்றேன். "அந்த வீட்டுல இருக்கறவங்க."

வைத்துவிட்டான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. யாரோ பின்னால் மலாயில் பேசிக்கொண்டு போனது கேட்டது. பிறகு, அவ்வளவு நேரம் பேசிய குரல் இல்லை, வேறு குரலில் கேட்டான்.

"சாப்டாச்சாக்கா?"

இன்னும் இல்லை என்றேன்.